பெயரில்லாத பூதம்

1931 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அமெரிக்காவில் ஒரு சலனப்படம் வெளியாயிற்று. படத்தின் தொடக்கத்தில், வழக்கம் போல, வேடந்தாங்கியோர் பெயர்கள் திரையில் வரிசையாகத் தோன்றின. ஒரு வேடத்துக்கு நேரே மட்டும் நடிகரின் பெயர் காணப்படவில்லை. 'பூதம்' என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு கேள்விக் குறியைப் போட்டிருந்தார்கள். கதை முடிந்து, இறுதியில் மீண்டும் பெயர்கள் வந்தபோதுதான் அந்த வேடத்தைத் தாங்கியவர் பொரிஸ் கார்லோவ் என்பதைச் சபையோர் அறிந்தனர். அப்போதும் அவர்கள் அறிந்தது பாதி உண்மையே. பொரிஸ் கார்லோவ் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று.

படத்தின் பெயர் 'பிராங்கென்ஸ்டைன்'. பிராங்கென்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று உலகம் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கிறது. என்னுடைய மாணவர்களும் அவ்வாறே எழுதுகிறார்கள். நானும் சிவப்பு மையினால் திருத்தி வருகிறேன். அது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. இந்தப் பெயரின்மை தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்குத் திரைப்படத்தினும் நூற்றாண்டு மூத்த வரலாறு ஒன்று உண்டு.

1815 ஆம் ஆண்டிலே இந்தோனேசியத் தீவுகளில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மூடியமையால் அடுத்த ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. 1816 இல், மழையும் குளிரும் நிறைந்த அந்தக் கோடையில், சுவிற்சலாந்தின் ஜெனீவா ஏரிக்கரையிலே கவிஞர் பைரனின் விடுதியில் சில இளைஞர்கள் கூடியிருந்தனர். பொழுதுபோக்காக ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அவர்களுள் ஒருத்தியாகிய மேரி என்னும் பெண்ணுக்கு அப்போது வயது 18. கவிஞர் ஷெல்லியின் மனைவியாகிப் பின்னர் மேரி ஷெல்லி எனப் பெயர் பெற்றவர் இவரே. அவர் எழுதிய கதை 1818 இல் நூலாக வெளிவந்தது. அந்த நூலிலே ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. கதையிலுள்ள பூதத்துக்கும் பெயரில்லை. 1823 இல் இலண்டனில் இக்கதையை நாடகமாக்கினார்கள். விளம்பரத் தாளில் பூதத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே வெறுங் கோடு மட்டும் இருந்தது. அந்த நாடகத்தை மேரி ஷெல்லி நேரிற் சென்று பார்த்தார்; அந்த வெறுங்கோடு அவருக்குப் பிடித்திருந்தது என்பதை அவர் எழுதிய கடிதத்தால் அறிகிறோம். ஹொலிவூட்டிலே 1931 இல் எழுதப்பட்ட கேள்விக் குறி அந்த வெறுங்கோட்டின் வழித்தோன்றலே.

இனி, அந்தக் கேள்விக் குறிக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பார்ப்போம்.

1887 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இலண்டனைச் சேர்ந்த கம்பர்வெல் என்னுமிடத்தில் வில்லியம் ஹென்றி பிராட் என்னும் குழந்தை பிறந்தது. பெரிய குடும்பம், இவரே கடைசிப் பிள்ளை. தந்தையார் இந்தியாவிலே பிரித்தானிய அரசாங்க சேவையில் இருந்தவர். தமையன்மாருட் சிலரும் வெளிநாட்டுச் சேவைகளிற் புகுந்தனர். ஒருவர் சீன நாட்டிலே கொன்சல் பதவிகள் வகித்துச் 'சேர்' பட்டமும் பெற்றார். இவரையும் அதே வழியில் அனுப்பவே வீட்டார் விரும்பிப் படிக்க வைத்தனர். பையனுடைய மனமோ நாடகத்திற் கிடந்தது.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. சீயத்து மன்னரின் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து புகழ்பெற்ற அன்னா லியோனொவென்ஸ் அம்மையார் இவருடைய தாய்வழிப் பாட்டியின் தங்கை. அந்த அம்மையார் தாம் வேல்ஸ் நாட்டிற் பிறந்ததாகவே உலகுக்குச் சொல்லி வந்தார். உண்மையில் அவர் பிறந்தது இந்தியாவிலுள்ள அகமத்நகரில். கலப்புக் குடியிற் பிறந்தவர் என்பது வெளிப்பட்டால் அக்காலத்து ஆங்கிலேயர் மத்தியிலே மதிப்புக் கிடைக்காது என்று அஞ்சி அதனை மறைத்தார் எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். கார்லோவின் கருமை கலந்த நிறத்துக்கும் அந்த இந்திய உறவே காரணம் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். தம் பிறப்பை மறைத்து வாழவேண்டியிருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, பிறப்பினாலேயே வெறுக்கப்பட்ட ஒரு பூதத்தின் வேடத்தைத் தாங்கினார். இதைப் பெரிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. ஆயினும் மறந்துவிடவும் இயலவில்லை.

1909 இல் அவர் கனடாவுக்குக் கப்பலேறினார். பண்ணைகளிற் கூலிவேலை செய்தார், மண்வெட்டி பிடித்தார். பின்பு ஊர் ஊராகத் திரிந்த நாடகக் குழு ஒன்றிற் சேர்ந்தார். அப்போது சூடிக்கொண்ட பெயரே பொரிஸ் கார்லோவ். பின்னர் ஹொலிவூட்டை அடைந்து, மௌனப் படங்களிலே கூட்டத்தில் ஒருவராகவும், கொள்ளைக்காரராகவும், அராபியராகவும், செவ்விந்தியராகவும் தோன்றினார். வாய்ப்பில்லாத நாட்களில் லொறி ஓட்டிப் பிழைத்தார். ஆயிரம் முகமுடையவர் என்று போற்றப்பட்ட லொன் சேனி ஒருநாள் தம்முடைய மோட்டார் வண்டியில் இவரை ஏற்றிச் சென்றாராம். மற்றவர்களால் இயலாத, அல்லது மற்றவர்கள் செய்ய விரும்பாத ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள் என்று அவர் அறிவுரை கூறியதைக் கார்லோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அப்படி ஒன்று 1931 இல் வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலே யூனிவர்சல் நிறுவனம் 'டிராக்குலா' என்னும் படத்தை வெளியிட்டுப் பெரும் பொருள் ஈட்டியிருந்தது. அதில் நடித்த ஹங்கேரிய நாட்டவராகிய பேலா லுகோசியே அடுத்த படத்திலும் பூதமாக வருவதாக இருந்தது. பின்னர் ஏற்பாடு மாறிற்று. நெறியாளராக நியமனம் பெற்றவர் ஜேம்ஸ் வேல் என்னும் ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரிலே ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தவர். நிறுவனத்தின் உணவுச்சாலையில் இருந்த கார்லோவின் முகத்தைப் பார்த்து, அவரை அழைத்துப் பேசினார். அன்று நல்ல உடை உடுத்தி அழகாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த தமக்குப் பூதவேடம் தருவதாகச் சொன்னது சற்று மனவருத்தந் தந்தது என்று கார்லோவ் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்போது அவருக்கு வயது 43.

ஒப்பனை செய்தவர் ஜக் பியர்ஸ். நாள்தோறும் ஏறக்குறைய 4 மணி நேரம் பஞ்சையும் பிசினையும் அடுக்கடுக்காக ஒட்டி அந்தத் தட்டையான மண்டையை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்திலே பிணத்தின் வெளிறல் தோன்றும்பொருட்டு முகத்திற் பச்சைச் சாயம் பூசினார். கார்லோவ் தம்முடைய பொய்ப்பற்களைக் கழற்றிவிட, ஒரு பக்கத்துக் கன்னம் குழிந்தது. கண்கள் கூர்மையாக விழித்திருப்பது பொருந்தாது, அப்போதுதான் உலகத்தைக் காணும் கண்களாக இருக்கவேண்டும் என்று கருதி, இமைகளின் மேல் மெழுகு வைக்குமாறு கேட்டவரும் கார்லோவே. எனக்கு இந்தச் சிறு செய்தி மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. கழுத்து ஆணிகளையும் நெற்றித் தழும்பையும் எவரும் ஒட்டிவிடலாம். பாதி மூடிய அந்த இமைகளோ, நடிகர் தம் பாத்திரத்தை அச்சத்துக்குரியதாக அன்றி, இரக்கத்துக்குரியதாகக் கருதினார் என்பதற்குச் சாட்சி.

ஏனெனில் படத்தின் கதை அப்படிச் சொல்லவில்லை. நேயர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். மேரி ஷெல்லியின் நூலில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைத் திரைக்கதையிற் புகுத்தியிருக்கிறார்கள். விஞ்ஞானியின் உதவியாளன் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூளை திருடப் போகிறான். அங்கே இரண்டு கண்ணாடிச் சாடிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல மூளை, மற்றதிற் குற்றவாளி ஒருவனுடைய மூளை. நல்ல மூளையுள்ள சாடி அவன் கைதவறி விழுந்து உடைய, மற்றதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். ஆகவே பூதம் பின்னாற் செய்யும் கொலைகளுக்கெல்லாம் அந்தச் சாடியே காரணம் என்று கதை கையைக் கழுவிவிடுகிறது. பிறவியே கெட்டது, வேறென்ன எதிர்பார்க்கலாம் என்பது அதன் தீர்ப்பு.

நேயர்களே, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைகளில் வாழ்ந்தவன். மாணவன் ஒருவன் வேறொரு பாடசாலையிலிருந்து விலகி வரும்போது, விடுகைப் பத்திரம் ஒரு கையில் வரும். அதில் எழுதப்படாத செய்தி அவனுக்கு முன்பே காற்றில் வந்துவிடும். 'இவன் பிறவி முரடன், கவனமாக இருங்கள்' என்பார்கள். நானும் அதை நம்பி, வாசலிலேயே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு வரவேற்ற பிள்ளைகள் உண்டு. அவர்களிற் சிலர் பிற்பாடு எப்படி ஆனார்கள் என்று எண்ணும்போது, அந்தச் சாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கதை ஒன்று சொல்ல, கார்லோவின் நடிப்பு அதனை மறுத்து வேறொன்று சொல்கிறது. பூதம் முதன்முதலாக நம் கண்முன் வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து வருகிறது. பின்பு மெல்லத் திரும்புகிறது. விஞ்ஞானி கூரைச் சாளரத்தைத் திறக்கிறார். மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. அந்தப் பூதம் நிமிர்ந்து பார்த்து, இரு கைகளையும் உயர்த்தி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. சாளரம் மூடப்படுகிறது. வெறுங்கைகளை நீட்டியபடி தன்னைப் படைத்தவரைப் பார்க்கின்றது. ஒரு சொல் இல்லை. பின்னணி இசையும் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாமல் இந்தப் படத்திற் பின்னணி இசையே கிடையாது. அடுத்த கணம் உதவியாளன் எரிபந்தத்துடன் ஓடிவந்து அதன் முகத்திலே தீயைக் காட்டுகிறான். சங்கிலியாற் பிணிக்கிறான், சவுக்கால் அடிக்கிறான். முதற் கொலை அதன் பின்னரே நிகழ்கிறது. கெட்ட மூளையின் செயலா இது? கண்ணுள்ளவர் எவரும் அப்படிச் சொல்லார்.

இதனினும் வலிய சான்று ஏரிக்கரைக் காட்சி. மலையடிவாரத்திலே மரியா என்னும் சிறுமி தனியே விளையாடிக்கொண்டிருக்கிறாள். பூதத்தைக் கண்டு அவள் அஞ்சவில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்று பக்கத்தில் இருத்திப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூக்களை ஒவ்வொன்றாக நீரில் இடுகிறார்கள். அவை ஓடம் போல மிதக்கின்றன. பூதம் சிரிக்கிறது. படம் முழுவதிலும் அது மகிழ்ந்திருப்பது அந்த ஓரிடத்தில் மாத்திரமே. பூக்கள் தீர்ந்து போகின்றன. பூவைப் போன்ற அந்தப் பிள்ளையும் மிதப்பாள் என்று எண்ணி, அவளையும் தூக்கி நீரில் இடுகிறது. அவள் மூழ்கிவிடுகிறாள். நடந்தது விளங்காமல், நடுங்கும் கைகளோடு பூதம் தடுமாறி ஓடுகிறது.

சிறுமியை வீசி எறிவது வேண்டாம், மெதுவாக வைப்பது போதும் என்று கார்லோவ் வாதாடினாராம், நெறியாளர் இணங்கவில்லை. அந்த வேடத்தில் நடித்த சிறுமி மரிலின் ஹரிஸ், முழு ஒப்பனையோடிருந்த கார்லோவைக் கண்டு சிறிதும் அஞ்சாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மோட்டாரில் ஏரிக்கு வந்தாள் என்பர். இரண்டாம் முறையும் நீரில் விழுந்தால் என்ன வேண்டும் என்று நெறியாளர் கேட்க, அவள் ஒரு டசின் அவித்த முட்டை கேட்டாள். அவர் இரண்டு டசின் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

தணிக்கையாளர் இக்காட்சியை விட்டுவைக்கவில்லை. முதலிற் சில இடங்களில் மட்டும் வெட்டினார்கள். 1930 களின் பிற்பகுதியிலே படத்தை மீண்டும் வெளியிட்டபோது நிறுவனமே மூலப் பிரதியிலிருந்து நீக்கிவிட்டது. பூதம் சிறுமியை நோக்கிக் கைகளை நீட்டுகிறது. அத்துடன் காட்சி அறுந்துபோகிறது. சற்றுப் பின்னர் தந்தை அவளுடைய உடலை ஏந்திக்கொண்டு ஊருக்குள் வருகிறான். இடையில் என்ன நடந்தது? பார்த்தவர்களின் மனம் மிகக் கொடிய காரியங்களை எல்லாம் கற்பனை செய்தது. குழந்தையின் அறியாமையாற் செய்த பிழை ஒன்று, கத்தரிக்கோலினால் மகாபாதகமாக மாறிற்று. நல்லொழுக்கத்தைக் காக்கப் போன இடத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வெட்டுண்ட துண்டு 1980 களிலேதான் மீண்டும் படத்திற் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலோர் கண்டது, தனக்கான சாட்சியம் அழிக்கப்பட்ட ஒரு பூதத்தையே.

ஆயினும் சிறுவர்கள் ஏமாறவில்லை. கார்லோவுக்குக் கடிதங் கடிதமாக எழுதினார்கள்; பூதத்தின்மேல் தாம் இரங்கியதாக எழுதினார்கள். தம் வாழ்நாளிற் கிடைத்த சிறந்த பாராட்டு அதுவே என அவர் கருதினார்.

படம் வெளியான பின்பு கார்லோவ் ஒரே நாளிற் புகழ்பெற்றார். முன்னோட்டக் காட்சிக்கு அவரை அழைக்கக்கூட எவரும் நினைக்கவில்லை. மறு ஆண்டிலோ விளம்பரங்களில் முதற்பெயர் இன்றிக் 'கார்லோவ்' என்று மட்டும் போட்டார்கள், அதுவே போதுமானதாயிற்று. கனத்த சப்பாத்துக்களும் நீண்ட வேலை நேரமும் அவருடைய முதுகைக் கெடுத்துவிட்டன. இறுதிவரை அந்த நோவு நீங்கவில்லை. ஒருமுறை 25 மணி நேரம் வேடத்தைக் கலையாமல் இருந்தாராம். 1933 இல் திரைநடிகர் சங்கம் தோன்றியபோது அதனைத் தொடங்கியவருள் இவரும் ஒருவர். உறுப்பினர் இலக்கம் 9. அதிகம் பேசப்படாத இச்செய்தியை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அதே 1933 இல் படப்பிடிப்புக்காக இலண்டன் சென்றார். நாட்டைவிட்டு நீங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உயர்பதவி வகித்த தமையன்மார், பூதமாக நடிக்கும் தம்பியை எண்ணி வெட்குவார்களோ என்று அஞ்சிக்கொண்டே சென்றார். புகைப்படம் எடுக்கத் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, யார் எங்கே நிற்பது என்று அந்தப் பெரியவர்கள் தமக்குள் நெருக்கிக்கொண்டு போட்டியிட்டார்களாம்.

1935 இல் வந்த 'பிராங்கென்ஸ்டைனின் மணமகள்' முந்திய படத்தைக் காட்டிலும் சிறந்தது என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே. காட்டிலே தனித்து வாழும் குருடரான முதியவர் ஒருவர் பூதத்தைத் தம் குடிசையிற் சேர்த்துக்கொள்கிறார். அப்பமும் பானமும் கொடுத்து, வயலின் வாசித்து, நண்பன் என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கிறார். கண் தெரியாதவருக்கு முகம் ஒரு தடையாக இல்லை. கண் தெரிந்த இருவர் வந்தவுடன் குடிசை தீக்கிரையாகிறது. பூதம் பேசியது பெரும் பிழை என்று கார்லோவ் இறுதிவரை சாதித்தார். இவ்விடத்தில் நான் அவருடன் உடன்படேன். மேரி ஷெல்லியின் பூதம் மில்ற்றனுடைய காவியத்தையே படித்து, நாவன்மையோடு வாதிடுவது. அதற்கு நாலு சொல்லாவது கொடுத்தது நீதி. 1939 இல் மூன்றாவது படத்தோடு அந்த வேடத்தைக் கார்லோவ் விட்டுவிட்டார். பூதம் வெறும் வேடிக்கைப் பொருளாகி வருவதை அவர் முன்னரே உணர்ந்தார், அவ்வாறே ஆயிற்று.

ஏனைய படங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 1932 இல் வந்த 'மம்மி' என்னும் படம், பத்தாண்டுக்கு முன் எகிப்திலே துட்டங்காமன் மன்னரின் கல்லறை கண்டெடுக்கப்பட்ட பரபரப்பிலே பிறந்தது. பதப்படுத்திய பிணம் எழுந்து நடப்பதை அதில் முழுமையாகக் காட்டவில்லை. கண்ணிமை சற்றுத் திறக்கிறது. ஒரு கை ஏட்டின்மேல் விழுகிறது. கிழிந்த துணி தரையில் இழுபட்டுப் போகிறது. கண்ட இளைஞன் பைத்தியம் பிடித்துச் சிரிக்கிறான். இக்காலத்துப் படக்காரர் பயிலவேண்டிய அடக்கம் அது.

1938 முதல் 1940 வரை ஐந்து மர்மப் படங்களிலே வொங் என்னும் சீனத் துப்பறிவாளராக நடித்தார். மலிவான படங்கள், கொலையாளியை நாம் முன்பே கண்டுபிடித்துவிடலாம். சீனரல்லாத ஒருவர் கண்ணிமைக்கு ஒப்பனை செய்து சீனராவது இன்று பார்க்கக் கூச்சந்தருகிறது. 1932 இல் அவர் நடித்த பூ மஞ்சு என்னும் கொடியவன் வேடமோ ஓர் இனத்தையே பழிப்பது. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். வொங் வரிசையின் ஆறாவது படத்திலே சீன வமிசத்தவரான கீ லூக் என்னும் நடிகருக்கே அந்த வேடம் கிடைத்தது என்பது சிறு ஆறுதல்.

1945 இல் வெளியான 'பிணத் திருடன்' என்ற படத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; அது வானொலி நேயர்களுக்கு உகந்த படம். 1828 இல் எடின்பரோ நகரத்தில் பேர்க், ஹெயார் என்னும் இருவர் மருத்துவக் கல்விக்குப் பிணம் விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றனர். அந்த உண்மை நிகழ்ச்சியைத் தழுவி ஸ்டீவன்சன் எழுதிய சிறுகதையே படமாயிற்று. கார்லோவ் அதில் குதிரைவண்டிக்காரன். தெருவிலே ஏழைப் பெண் ஒருத்தி பாடிப் பிச்சை எடுப்பாள். ஓரிரவு அவள் பாடிக்கொண்டே இருண்ட சந்துக்குள் போகிறாள். வண்டியும் அவள் பின்னாற் போகிறது. நாம் காண்பது இருட்டை மட்டுமே, பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திடீரென்று நடுவிலே நின்றுவிடுகிறது. இரத்தம் இல்லை, அலறல் இல்லை. அதே வண்டிக்காரன் நடக்கமுடியாத சிறுமியைத் தூக்கித் தன் குதிரையைக் காட்டி மகிழ்விப்பவன். கார்லோவின் கொடியவர்கள் முழுக்கக் கொடியவர்களாக இருப்பது அரிது.

குரல் பற்றியும் ஒரு வார்த்தை. இளமையிலே திக்குவாய் உடையவர். 'ச'கர ஒலியில் இறுதிவரை ஒரு குழைவு இருந்தது. அந்தக் குரலே 1938 முதல் அமெரிக்க வானொலியின் மர்ம நாடகங்களுக்குப் பெருஞ் செல்வமாயிற்று. 1950 இல் நியூ யோர்க் வானொலியிலே சிறுவர்களுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சியையும் நடத்தினார். பூதத்துக்குக் கடிதம் எழுதிய சிறுவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள்.

1968 இல் அவர் 80 வயதில் நடித்த 'இலக்குகள்' என்னும் படத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். இளைஞரான பீற்றர் பொக்டனோவிச் நெறிப்படுத்தியது. அதில் கார்லோவ் ஏறக்குறையத் தாமாகவே வருகிறார்: வயது முதிர்ந்த ஒரு பயங்கரப்பட நடிகர், இனி என் படங்களைக் கண்டு யார் அஞ்சுவர் என்று ஓய்வுபெற எண்ணுகிறார். அதே ஊரில் ஓர் இளைஞன் இருக்கிறான். சுத்தமான உடை, வாரிய தலை, பெரியோரை ஐயா என்று அழைக்கும் மரியாதை. எந்த ஆசிரியரும் முன்வாங்கில் இருத்தக்கூடிய முகம். அவன் ஒருநாள் துப்பாக்கி எடுத்துத் தன் வீட்டாரைக் கொன்றுவிட்டு, தெருவிற் போவோரையும் சுடத் தொடங்குகிறான். 1966 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஒருவன் ஏறிச் சுட்ட உண்மைச் சம்பவத்தைத் தழுவியது இது. இறுதியில், திறந்தவெளித் திரையரங்கில், திரையிலே பழைய கார்லோவ் நடந்து வருகிறார். திரைக்குக் கீழே கிழவராகிய கார்லோவ் கைத்தடி ஊன்றி நடந்து வருகிறார். எது உருவம், எது ஆள் என்று அறியாமல் அந்த இளைஞன் இரண்டையும் மாறி மாறிச் சுடுகிறான். கிழவர் கிட்ட வந்து தடியினால் துப்பாக்கியைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் அறைகிறார். அவன் சிறு பிள்ளை போல மூலையில் ஒடுங்கிக்கொள்கிறான். இதற்கா நான் அஞ்சினேன் என்பது போல அவனைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

அதற்கடுத்த ஆண்டு, 1969 பெப்ரவரி 2 ஆந் திகதி, இங்கிலாந்தின் மிட்ஹேர்ஸ்ட் என்னும் ஊரிலே அவர் காலமானார்.